பன்னாட்டு நிறுவனத்தைப் புறக்கணிப்பது என்றால் என்ன, எப்போது அது வேலை செய்யும்?

பிடிக்காத சோப்பை விட்டுவிட்டு வேறு சோப்புக்கு மாறுகிறவர் அந்த நிறுவனத்திடம் எதையும் கேட்கவில்லை. அவர் போனதே அவர்களுக்குத் தெரியாது. மாத விற்பனைக் கணக்கின் ஏற்ற இறக்கத்தில் அது கரைந்துபோகும். புறக்கணிப்பு வேறு வகை. பலர் சேர்ந்து வாங்குவதை நிறுத்துகிறார்கள், எதற்காக நிறுத்துகிறோம் என்பதை வெளிப்படையாகச் சொல்கிறார்கள், என்ன செய்தால் மறுபடி வாங்குவோம் என்பதையும் சொல்கிறார்கள். இந்த மூன்றாவது பகுதிதான் அடிக்கடி விடுபடுகிறது. எப்படி நடந்தாலும் வாங்கமாட்டோம் என்று சொல்கிறவர்களுக்காக ஒரு நிறுவனம் ஏன் பணம் செலவழித்துத் தன் வழியை மாற்றிக்கொள்ள வேண்டும்? கோபம் ஆறட்டும் என்று அது காத்திருக்கும். பெரும்பாலும் கோபமும் ஆறிவிடும்.

நல்ல கோரிக்கை எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள இம்மொகாலி ஊரைப் பார்க்கலாம். அந்தப் பகுதியில் தக்காளி பறிக்கும் கூலித் தொழிலாளர்கள் 2001-இல் டாகோ பெல் உணவகங்களைப் புறக்கணிக்கும்படி மக்களிடம் கேட்டார்கள். டாகோ பெல் தோட்ட முதலாளி அல்ல. ஆனால் தக்காளியை மொத்தமாக வாங்குகிற இதுபோன்ற பெரிய நிறுவனங்கள் விலையைக் கீழே அழுத்துவதால்தான் தோட்டத்தில் கூலி ஏறாமல் நின்றது. ஒரு பவுண்டு எடைத் தக்காளிக்கு ஒரு சென்ட் கூடுதலாகக் கொடுங்கள், அது எங்கள் கைக்கு வந்து சேரும்படி செய்யுங்கள், தோட்டங்களில் உரிமை மீறல் நடந்தால் அங்கே வாங்காதீர்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. யார், எவ்வளவு, யாருக்கு என்ற மூன்று கேள்விக்கும் அதில் விடை இருந்தது. பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் வளாகங்களிலிருந்து டாகோ பெல்லை வெளியேற்றக் கோரினார்கள். 2005 மார்ச்சில் தாய் நிறுவனமான யம் பிராண்ட்ஸ் ஒப்புக்கொண்டது, புறக்கணிப்பும் முடிந்தது. 2007-இல் மெக்டொனால்ட்ஸும் 2008-இல் பர்கர் கிங்கும் அதே வகை ஒப்பந்தத்துக்கு வந்தன. முதல் நிறுவனத்தோடு போட்ட உடன்பாடு, அடுத்த நிறுவனத்திடம் கேட்பதற்கு அளவுகோல் ஆகிவிட்டது.

இனி இதன் உள்வேலையைப் பார்ப்போம்.

அடி எங்கே விழுகிறது?

ஒரு நிறுவனத்தின் விற்பனை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 60 நிலையான செலவு: வாடகை, சம்பளம், இயந்திரம், விளம்பரம். விற்றாலும் விற்காவிட்டாலும் இது போகும். மூலப்பொருள், போக்குவரத்து போன்ற மாறும் செலவு 30. மிச்சம் 10 லாபம். இப்போது விற்பனை 5 சதவீதம் குறைந்து 95 ஆகிறது. மாறும் செலவு 28.5 ஆகக் குறையும், நிலையான செலவு 60-லேயே நிற்கும். லாபம் 6.5. அதாவது விற்பனையில் 5 சதவீத இழப்பு, லாபத்தில் 35 சதவீத இழப்பாக மாறுகிறது. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் விலகினால்தான் பயன் உண்டு என்று நினைத்துச் சோர்ந்துபோகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆனால் பன்னாட்டு நிறுவனத்தின் மொத்த விற்பனையில் 5 சதவீதம் என்பது மலை போன்ற தொகை. பல நாடுகள், பல பத்து பிராண்டுகள் சேர்ந்த கணக்கு அது. அனுபவம் உள்ள இயக்கங்கள் மொத்த நிறுவனத்தையும் குறிவைப்பதில்லை. ஒரே ஒரு பிராண்டு அல்லது ஒரே ஒரு சந்தையைத் தேர்ந்தெடுத்து அங்கே கூட்டத்தைச் சேர்க்கின்றன. அந்த பிராண்டுக்கு ஒரு மேலாளர் இருப்பார், அவருக்குக் காலாண்டு இலக்கு இருக்கும். சரிவு அங்கே தெளிவாகத் தெரியும்.

நேரடி விற்பனை இழப்பைவிடப் பெயர் கெடுவதால் வரும் அழுத்தம் பெரும்பாலும் பெரியது. செய்திகளில் திரும்பத் திரும்ப அடிபடும் நிறுவனத்தின் பங்குதாரர்கள் கேள்வி கேட்பார்கள், வேலைக்கு ஆள் எடுப்பது கடினமாகும், கூட்டாளி நிறுவனங்கள் தயங்கும். தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சிக் காலத்தில் அங்கே வங்கி நடத்திய பார்க்லேஸை பிரிட்டன் மாணவர்கள் புறக்கணித்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மாணவரின் கணக்கில் பெரிதாகப் பணம் இருக்காது. ஆனால் முதல் கணக்கு தொடங்கிய வங்கியிலேயேதான் பலர் பின்னால் சம்பளக் கணக்கும் வீட்டுக் கடனும் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு தலைமுறை வாடிக்கையாளர்களே கைவிட்டுப் போவதை வங்கி கண்ணெதிரே பார்த்தது. 1986-இல் பார்க்லேஸ் தென்னாப்பிரிக்காவிலிருந்து வெளியேறியது.

ஒருநாள் புறக்கணிப்புகள் ஏன் பயன் தருவதில்லை என்பதும் இங்கே புரியும். இன்று பெட்ரோல் போடாதவர் நாளை போடுவார். அந்த வார விற்பனை அப்படியே இருக்கும்.

ஆதாரம்: இங்கே பிசகினால் எல்லாம் பிசகும்

1995-இல் ஷெல் நிறுவனம் பிரென்ட் ஸ்பார் என்ற பழைய எண்ணெய்ச் சேமிப்பு மிதவையை அட்லாண்டிக் கடலில் மூழ்கடிக்கத் திட்டமிட்டது. கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பினர் அதன்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். ஜெர்மனியில் மக்கள் ஷெல் பெட்ரோல் நிலையங்களை ஒதுக்கினார்கள். அந்த ஆண்டு ஜூன் 20 அன்று ஷெல் திட்டத்தைக் கைவிட்டது. பின்னர் அந்த மிதவை துண்டாக்கப்பட்டு நார்வேயில் துறைமுக மேடை கட்டப் பயன்பட்டது. வெற்றிதான். ஆனால் மிதவைக்குள் 5,500 டன் எண்ணெய் இருப்பதாக கிரீன்பீஸ் சொன்ன கணக்கு தவறு. உண்மையில் இருந்தது மிகக் குறைவு. செப்டம்பரில் அந்த அமைப்பு மன்னிப்புக் கேட்டது. கடலைக் குப்பைத் தொட்டியாக்கக் கூடாது என்ற மைய வாதத்துக்கு அந்த எண் தேவையே இல்லை. இருந்தும் அந்த ஒரு தவறை வைத்து முழுப் போராட்டத்தையும் பொய் என்று சொல்ல எதிர்த்தரப்புக்கு வாய்ப்புக் கிடைத்தது.

இதைவிட மோசமானது வெறும் வதந்தி. பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் பழைய சின்னத்தில் பிறையும் நட்சத்திரங்களும் இருந்ததை வைத்து, அது சாத்தானை வழிபடும் நிறுவனம் என்ற கதை அமெரிக்காவில் பல ஆண்டுகள் பரவியது. வாங்காதீர்கள் என்ற துண்டறிக்கைகள் கைமாறின. அதைப் பரப்பியதற்காகப் போட்டி நிறுவனமான ஆம்வேயின் முன்னாள் விநியோகஸ்தர்கள் மீது தொடுத்த வழக்கில் 2007-இல் 1.925 கோடி டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. நல்ல எண்ணத்தோடு பகிர்கிறவர்கூட யாரோ ஒரு போட்டியாளரின் வேலையைச் செய்துகொண்டிருக்கலாம்.

ஒரு குற்றச்சாட்டு உங்கள் கைக்கு வந்தால் முதலில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். நீதிமன்றத் தீர்ப்பா, அரசு விசாரணையா, தொழிலாளர் சங்கம் அல்லது மனித உரிமை அமைப்பு நேரில் போய் எழுதிய அறிக்கையா, ஒரு பத்திரிகையின் புலனாய்வா, அல்லது யார் எழுதியது என்றே தெரியாத பட்டியலா? தேதியும் முக்கியம். பத்து ஆண்டுகளுக்கு முன் நடந்து சரிசெய்யப்பட்ட விஷயம் இன்றைய செய்திபோல் சுற்றிக்கொண்டிருக்கும். நிறுவனத்தின் பதிலையும் தேடிப் படிக்க வேண்டும். வணிகம் மற்றும் மனித உரிமைகள் வள மையம் என்ற பன்னாட்டு அமைப்பு, குற்றச்சாட்டுகளை நிறுவனங்களுக்கு அனுப்பிப் பதில் கேட்டு இரண்டையும் வெளியிடுகிறது. எந்தத் தொழிற்சாலை எந்த பிராண்டுக்குத் தைக்கிறது என்று பார்க்க ஓப்பன் சப்ளை ஹப் என்ற திறந்த தரவுத்தளம் இருக்கிறது. பிரிட்டனின் எத்திகல் கன்ஸ்யூமர் இதழ் நடப்பிலுள்ள புறக்கணிப்புகளின் பட்டியலை வைத்திருக்கிறது.

எழுதும்போது ஒரு எளிய ஒழுங்கு போதும்: ஆவணத்தில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள், ஆவணத்தின் பெயரையும் ஆண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். மெக்டொனால்ட்ஸ் தன்னைப் பற்றித் துண்டறிக்கை கொடுத்த இரண்டு தனிமனிதர்கள் மீது லண்டனில் தொடுத்த அவதூறு வழக்கு, 1997 தீர்ப்புவரை பல ஆண்டுகள் ஓடியது. நீதிபதி சில குற்றச்சாட்டுகளை உண்மை என்றார், சிலவற்றுக்கு ஆதாரம் இல்லை என்றார். ஆதாரம் இல்லாத வரிகளுக்காகவே அவர்கள்மீது இழப்பீடு விழுந்தது. நிறுவனத்தின் பெயருக்கும் அந்த வழக்கு பெரும் கேடாக முடிந்தது என்பது உண்மை. அதற்காக யாரும் அந்த வருடங்களைக் கடந்துவர ஆசைப்படமாட்டார்கள்.

பாதிக்கப்பட்டவர்கள் கேட்டார்களா?

புறக்கணிப்பு பற்றிய பேச்சில் இது மிகக் குறைவாகக் கேட்கப்படும் கேள்வி. நம்மைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியது இதுதான்.

1990-களின் தொடக்கத்தில், குழந்தைத் தொழிலாளர் செய்த பொருட்களின் இறக்குமதியைத் தடுக்கும் மசோதா ஒன்று அமெரிக்காவில் கொண்டுவரப்பட்டது. சட்டமாகும் முன்பே, அந்த அச்சத்தில் வங்கதேச ஆடைத் தொழிற்சாலைகள் பல்லாயிரம் குழந்தைகளை ஒரேயடியாக வெளியே அனுப்பின. அவர்களுக்கு வீட்டில் வருமானமும் இல்லை, போகப் பள்ளியும் இல்லை. கல் உடைப்பது, தெருவில் விற்பது போன்ற இன்னும் ஆபத்தான வேலைகளுக்குப் பலர் போனதை யுனிசெஃப் பதிவு செய்தது. 1995-இல்தான் ஆடை உற்பத்தியாளர் சங்கம், யுனிசெஃப், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு மூன்றும் சேர்ந்து, குழந்தைகளை வேலையிலிருந்து எடுத்துப் பள்ளியில் சேர்த்து உதவித்தொகை கொடுக்கும் உடன்பாட்டுக்கு வந்தன. கோரிக்கை "குழந்தைகளை நீக்கு" என்று மட்டும் இருந்தால் நிறுவனம் அதை ஒரே நாளில் செய்துவிடும். "பள்ளிக்கு அனுப்பு, அதுவரை குடும்ப வருமானத்துக்கு ஈடு கொடு" என்று இருந்தால்தான் குழந்தைக்குப் பலன்.

2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தபோது, வங்கதேசத்தில் தைத்த துணியையே வாங்கக் கூடாது என்று உலகெங்கும் பலர் கொதித்தார்கள். அங்குள்ள தொழிற்சங்கங்கள் அதைக் கேட்கவில்லை. வேலையை எங்களிடமிருந்து எடுத்துவிடாதீர்கள், கட்டடங்களைச் சோதிக்கும் ஒப்பந்தத்தில் உங்கள் பிராண்டுகளைக் கையெழுத்துப் போட வையுங்கள் என்றார்கள். சில வாரங்களிலேயே சட்டப்படி கட்டுப்படுத்தும் தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் உருவானது. பல பிராண்டுகள் மக்கள் அழுத்தத்தால்தான் அதில் சேர்ந்தன. ஆடைத் துறையில் பல ஆண்டுகள் வேலை செய்கிற கிளீன் குளோத்ஸ் கேம்பைன் அமைப்பு, தொழிலாளர்களே கேட்டாலொழியப் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுவதில்லை.

எல்லாச் சூழலிலும் இப்படிக் கேட்க முடியாது. கட்டாய உழைப்பு முகாமில் இருப்பவர் வெளிப்படையாகப் பேச முடியாது. அப்போது வெளியே தப்பி வந்தவர்களும் அந்தச் சமூகத்தின் அமைப்புகளும் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

எது யாருடையது?

நடைமுறையில் அதிகக் குழப்பம் வருவது இங்கேதான். ஒரே பெயர், வெவ்வேறு நாட்டில் வெவ்வேறு முதலாளி. கிட்கேட் உலகின் பெரும்பகுதியில் நெஸ்லேயின் பொருள். அமெரிக்காவில் மட்டும் அதை லைசென்ஸ் எடுத்துத் தயாரித்து விற்பது ஹெர்ஷி நிறுவனம். அங்கே கிட்கேட்டை விட்டால் அடி முதலில் ஹெர்ஷிக்கு. இதற்கு நேர்மாறாக, கடை அலமாரியில் ஸ்டார்பக்ஸ் பெயரோடு இருக்கும் காபிப் பொட்டலத்தை விற்கும் உரிமை 2018 முதல் நெஸ்லேயிடம் இருக்கிறது. ஸ்டார்பக்ஸ் காபிக் கடை வேறு கணக்கு. நெஸ்லேக்கு லோரியால் என்ற அழகுசாதன நிறுவனத்தில் ஏறத்தாழ 20 சதவீதப் பங்கு உண்டு. ஆனால் லோரியாலை நடத்துவது நெஸ்லே அல்ல.

உறவுகள் நான்கு விதம் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான குழப்பம் தீரும். முழு உரிமையுள்ள துணை நிறுவனம் என்றால் லாபம் அப்படியே தாய் நிறுவனத்துக்குப் போகும். ஃபிரான்சைஸ் என்றால் கடை உள்ளூர் ஒருவருடையது, விற்பனையில் ஒரு சதவீதமும் கட்டணமும் மேலே போகும். சரிவின் முதல் சுமை அந்த உள்ளூர்க்காரர் மேலும் ஊழியர் மேலும் விழும். லைசென்ஸ் என்றால் பெயருக்கு மட்டும் வாடகை. நான்காவது வெறும் பங்கு முதலீடு. எந்த உறவு என்று தெரிந்தால், உங்கள் பணம் எவ்வளவு தூரம் போகிறது என்பதும் தெரியும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. பொட்டலத்தின் பின்புறம் தயாரிப்பாளர் பெயர், சந்தைப்படுத்துபவர் பெயர், வணிக முத்திரையின் உரிமையாளர் பெயர் என மூன்று பல நேரங்களில் தனித்தனியாக அச்சாகியிருக்கும். இருப்பதை எல்லாம் படிக்க வேண்டும். பிறகு தாய் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் துணை நிறுவனங்களின் பட்டியலைத் தேடுங்கள். அமெரிக்கப் பங்குச் சந்தையில் இருக்கும் அமெரிக்க நிறுவனம் என்றால் ஆண்டு ஆவணத்தோடு 21-ஆம் எண் இணைப்பாக அது இருக்கும்.

பார்கோடை நம்பாதீர்கள். முதல் மூன்று இலக்கங்களைப் பார்த்தால் எந்த நாட்டுப் பொருள் என்று தெரிந்துவிடும் என்ற செய்தி அடிக்கடி பரவுகிறது. அந்த இலக்கங்கள் காட்டுவது, எண்ணை வழங்கியது எந்த நாட்டின் ஜிஎஸ்1 அமைப்பு என்பதை மட்டும். பொருள் எங்கே தயாரானது, லாபம் யாருக்குப் போகிறது என்பதைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை.

செய்ய வேண்டியது

நூறு பெயர் கொண்ட பட்டியலோடு தொடங்குகிறவர் இரண்டு மாதத்தில் எல்லாவற்றையும் விட்டுவிடுவார். ஒரு நிறுவனத்தில் தொடங்குங்கள். ஒரு மாத ரசீதுகளை எடுத்து எந்தத் தாய் நிறுவனத்துக்கு எவ்வளவு போகிறது என்று கூட்டிப் பாருங்கள். அதில் தெளிவான கோரிக்கையோடு ஏற்கெனவே புறக்கணிப்பு நடந்துகொண்டிருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிறகு மாற்றுப் பொருளைத் தேடுங்கள். மாற்று அதே நிறுவனத்தின் இன்னொரு பிராண்டாக இருப்பது மிகச் சாதாரணம். சோப்பு, ஷாம்பூ, பிஸ்கட், பாட்டில் தண்ணீர் ஆகியவற்றில் குறிப்பாகக் கவனம் வேண்டும். மாற்று நிறுவனமும் அதே தோட்டத்தில், அதே தொழிற்சாலையில் வாங்குகிறதா என்பதையும் பார்ப்பது நல்லது.

ஏற்கெனவே வாங்கி வைத்ததைத் தூக்கி எறிய வேண்டாம். அந்தப் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. எறிவதால் நிறுவனத்துக்கு ஒரு காசு நட்டமில்லை. இன்னொன்று: டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை நிறுவனப் பெயர் பார்த்து நீங்களாக நிறுத்தவே கூடாது. அதே மூலப்பொருள் கொண்ட வேறு நிறுவன மருந்து இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள், இல்லையென்றால் தொடருங்கள்.

பிறகு கடிதம். வாங்காமல் இருப்பதைவிட இதற்குத்தான் பலர் சோம்பல்படுகிறார்கள், ஆனால் உங்கள் விலகலுக்குக் காரணம் எழுதித் தருவது இதுதான். வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள். முதலீட்டாளர் தொடர்புப் பிரிவுக்கும் ஒரு நகல் போகட்டும். ஐந்தாறு வரி போதும்: எந்தப் பொருளை மாதம் எவ்வளவு வாங்கினீர்கள், எந்தத் தேதியிலிருந்து நிறுத்தினீர்கள், எந்த அறிக்கையின் அடிப்படையில், எந்த ஒரு செயலைச் செய்தால் திரும்ப வாங்குவீர்கள். திட்டு வேண்டாம். திட்டிய கடிதம் கோபக்காரர்கள் கட்டில் போகும். தொகையும் நிபந்தனையும் உள்ள கடிதம் கணக்கில் சேரும். கடைக்காரரிடமும் சொல்லுங்கள், பணிவாக. கல்லாவில் நிற்கும் ஊழியருக்கு இந்தக் கொள்கையில் எந்தப் பங்கும் இல்லை. அவரிடம் கத்துவதைப் படம் பிடித்துப் போட்டால், மறுநாள் செய்தி அந்தச் சத்தத்தைப் பற்றியதாகிவிடும்.

தனி வீடுகளைவிட நிறுவனக் கொள்முதல் பல மடங்கு எடை கொண்டது. 2009-இல் ரஸல் அத்லெடிக் என்ற ஆடை நிறுவனம் மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸில் தொழிலாளர்கள் சங்கம் வைத்த ஆலையை மூடியது. அமெரிக்க மாணவர்கள் தங்கள் பல்கலைக்கழக முத்திரை போட்ட ஆடைகளைத் தயாரிக்க ரஸலுக்குக் கொடுத்த உரிமத்தை ரத்துசெய்யும்படி நிர்வாகங்களை நெருக்கினார்கள். ஏறத்தாழ நூறு பல்கலைக்கழகங்கள் விலகின. அதே ஆண்டு நவம்பரில் நிறுவனம் அந்தப் பகுதியில் புதிய ஆலை திறக்கவும் சுமார் 1,200 பேரைத் திரும்ப வேலைக்கு எடுக்கவும் ஒப்புக்கொண்டது. நீங்கள் படிக்கும் கல்லூரி, வேலை பார்க்கும் அலுவலகம், சேர்ந்திருக்கும் சங்கம் ஆகியவை கேன்டீன், சீருடை, மென்பொருள், வங்கி எல்லாவற்றுக்கும் ஒப்பந்தம் போடுகின்றன. ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் எது என்று தெரிந்துகொண்டு, அதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே மனு கொடுக்க வேண்டும். நேரடியாக மக்களுக்கு எதையும் விற்காத சுரங்க நிறுவனம், இரசாயன நிறுவனம் போன்றவற்றுக்கு இது ஒன்றே வழி. அவர்களிடம் வாங்குகிற பிராண்டையும் அவர்களுக்குக் கடன் கொடுக்கிற வங்கியையும் நெருக்க வேண்டும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. ஒருவர் எதை வாங்குவது என்பது அவர் விருப்பம். வெளிப்படையாக அழைப்பு விடுவதற்கான பாதுகாப்பு நாட்டுக்கு நாடு மாறுபடும். வன்முறையற்ற புறக்கணிப்பு பேச்சுரிமைக்குள் வரும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது. ஆனால் அங்கேயே, தொழிற்சங்கங்கள் சம்பந்தமில்லாத மூன்றாவது நிறுவனத்தை நெருக்குவதை 1947-இன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் கட்டுப்படுத்துகிறது. போட்டி நிறுவனங்கள் தமக்குள் பேசி இன்னொன்றை ஒதுக்கினால் அது போட்டிச் சட்டச் சிக்கல். கடையை மறிப்பது, பொருளைச் சேதப்படுத்துவது, மிரட்டுவது எங்கும் குற்றம்.

புறக்கணிப்போடு சேர்த்து முறையான புகாரும் போடலாம். ஓஇசிடி எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு பன்னாட்டு நிறுவனங்களுக்கு வகுத்த வழிகாட்டு நெறிகளை ஏற்ற 50-க்கு மேற்பட்ட நாடுகளில் இதற்கென ஒரு தேசியத் தொடர்பு மையம் இருக்கிறது. மீறல் வேறு நாட்டில் நடந்திருந்தாலும், நிறுவனத்தின் தாய்நாட்டு மையத்தில் புகார் கொடுக்க முடியும். அதற்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, முடிவை அறிக்கையாக வெளியிடும். அந்த அறிக்கை நல்ல ஆதாரம்.

நிறுவனம் பதில் சொன்ன பிறகு

அழுத்தம் ஏறினால் அறிக்கை வரும். அதைப் படிக்கத் தெரிய வேண்டும். தேதி, தொகை, யார் சோதிப்பார்கள், முடிவு எங்கே வெளியாகும் என்ற நான்கும் இருக்கிறதா? "உறுதிபூண்டுள்ளோம்" என்ற சொல்லில் இவை எதுவும் இல்லை. 2001-இல் பெரிய சாக்லேட் நிறுவனங்கள், மேற்கு ஆப்பிரிக்கக் கோகோ தோட்டங்களில் குழந்தை உழைப்பின் மிக மோசமான வடிவங்களை 2005-க்குள் ஒழிப்பதாகக் கையெழுத்திட்டன. கெடு தள்ளிப்போனது, மறுபடி தள்ளிப்போனது, பிறகு இலக்கே 2020-க்குள் 70 சதவீதம் குறைப்பது என்று சுருங்கியது. 2020-இல் வெளிவந்த சிகாகோ பல்கலைக்கழகத்தின் என்ஓஆர்சி ஆய்வு மையத்தின் அறிக்கை, ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் 15.6 லட்சம் குழந்தைகள் கோகோ உற்பத்தியில் குழந்தைத் தொழிலாளராக இருப்பதாக மதிப்பிட்டது. உறுதிமொழி நிறைவேறாவிட்டால் என்ன தண்டனை என்று எழுதாத உடன்பாடு அது. நைக்கி விஷயத்தில் வேறு விதம். தொழிற்சாலைகளின் மோசமான நிலைமைக்காக 1990-கள் முழுக்க அடிவாங்கிய பின், 1998 மே மாதம் அதன் தலைவர் ஃபில் நைட் காலணித் தொழிற்சாலைகளில் குறைந்தபட்ச வயதை 18 ஆக்குவதாக அறிவித்தார். 2005-இல் நிறுவனம் தன் ஒப்பந்தத் தொழிற்சாலைகளின் பட்டியலையே வெளியிட்டது. முகவரி கையில் இருந்தால் சங்கமும் பத்திரிகையாளரும் நேரில் போய்ப் பார்க்க முடியும். வயதைப் பற்றிய அறிவிப்பைவிட அந்தப் பட்டியல் பெரிய வெற்றி என்பது எங்கள் கருத்து.

புறக்கணிப்பை முடிப்பதற்கும் ஒழுங்கு வேண்டும். அழைத்தது யாரோ, அவர்களே முடிந்தது என்று அறிவிக்க வேண்டும். நெஸ்லே புறக்கணிப்பின் கதை இதை நன்றாகக் காட்டும். ஏழை நாடுகளில் நர்ஸ் உடை போட்ட விற்பனைப் பெண்கள் பிரசவ வார்டுகளில் இலவசப் பால்மாவு கொடுத்தார்கள். சில நாளில் தாய்ப்பால் வற்றிவிடும். அதன்பின் விலை கொடுத்து வாங்க வேண்டும். வாங்க முடியாதவர்கள் மாவைக் குறைத்து, சுத்தமில்லாத தண்ணீரை அதிகம் ஊற்றிக் கரைத்தார்கள். குழந்தைகள் வயிற்றுப்போக்கிலும் சத்துக்குறைவிலும் இறந்தார்கள். 1977 ஜூலையில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் புறக்கணிப்பு தொடங்கியது. விளம்பரத்தை நிறுத்து, இலவச மாதிரிகளை நிறுத்து, நர்ஸ் வேடத்தை நிறுத்து, டாக்டர்களுக்குக் கொடுக்கும் அன்பளிப்பை நிறுத்து என்று கோரிக்கைகள் எண்ணிச் சொல்லும்படி இருந்தன. 1981-இல் உலக சுகாதார மாநாடு தாய்ப்பால் மாற்றுப் பொருட்களின் விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. 118 நாடுகள் ஆதரித்தன, அமெரிக்கா மட்டும் எதிர்த்து வாக்களித்தது. 1984-இல் நெஸ்லே அந்த நெறிமுறையை ஏற்பதாக எழுதிக் கொடுத்ததும் புறக்கணிப்பு நிறுத்திவைக்கப்பட்டது. கண்காணிப்பு மட்டும் நிற்கவில்லை. மருத்துவமனைகளுக்கு இலவசப் பால்மாவு போவது தொடர்கிறது என்று கண்டறிந்து, 1988-இல் மறுபடி தொடங்கினார்கள்.

நிறுத்தும்போது நிறுவனத்துக்கு இரண்டாவது கடிதம் எழுதுங்கள். இந்த மாற்றத்தைச் செய்தீர்கள், இந்தத் தேதியிலிருந்து மறுபடி வாங்குகிறோம், இந்த இடைவெளியில் வெளியாகும் சோதனை அறிக்கையைத் தொடர்ந்து படிப்போம் என்று மூன்று வரி. உள்ளே மாற்றத்துக்காக வாதாடிய ஊழியர்கள் யாராவது இருந்திருப்பார்கள். மேலதிகாரியிடம் காட்ட அவர்களுக்கு அந்தக் கடிதம் தேவைப்படும்.